வீட்டு வரி உயர்வுக்கு உச்சவரம்பு வந்தால் யாருக்கு லாபம்? மதுரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் பகுதிக் குடியிருப்போர் நலச்சங்கத்தில் வரி, குடிநீர், பாதாளச் சாக்கடை சம்பந்தமான மனுக்களை எழுதிக் கொடுப்பது என் பொறுப்பு. அரையாண்டு தொடங்கும் ஏப்ரலிலும் அக்டோபரிலும் ரசீதும் கையுமாக வருகிறவர்களில் பலர் ஒரே யோசனையைச் சொல்கிறார்கள்: ஆண்டுக்கு இவ்வளவுக்கு மேல் வரியை ஏற்றக் கூடாது என்று சட்டம் வந்துவிட்டால் நிம்மதியாக இருக்கலாமே என்று. ஆதங்கம் நியாயமானது. ஆனால் அப்படிச் சட்டம் போட்டு ஏறக்குறைய அரை நூற்றாண்டு பார்த்துவிட்ட ஊர்கள் உலகில் இருக்கின்றன. அங்கே வீட்டுக்காரர்களுக்கு என்ன ஆயிற்று, அது மதுரைக்கு எவ்வளவு பொருந்தும் என்பதைக் கேட்டவர்களின் கேள்விகளை வைத்தே தொகுத்திருக்கிறேன்.

வீட்டுத் தீர்வையை, அதாவது வீட்டு வரியை, எதை வைத்துப் போடுகிறார்கள்? நான் வீடு வாங்கிய விலையை வைத்தா?

இல்லை. கட்டடத்தின் பரப்பளவு, அந்தப் பகுதிக்கு மாநகராட்சி நிர்ணயித்திருக்கும் சதுர அடி மதிப்பு, கான்கிரீட்டா ஓடா, குடியிருப்பா கடையா, கட்டி எத்தனை ஆண்டாகிறது ஆகியவற்றை வைத்து ஓர் ஆண்டு மதிப்பு போடுகிறார்கள். அதில் ஒரு பங்கு வரி. அரையாண்டுக்கு ஒருமுறை கட்ட வேண்டும். சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரியும் உண்டு. வரி ஏறினால் அதுவும் கூடவே ஏறும்.

பத்திர ஆபீஸில் வழிகாட்டி மதிப்பை ஏற்றினால் வீட்டுத் தீர்வையும் தானாக ஏறிவிடுமா?

ஏறாது. வழிகாட்டி மதிப்பு பதிவுத் துறையின் கணக்கு. பத்திரம் பதியும்போது முத்திரைத் தீர்வைக்கும் பதிவுக் கட்டணத்துக்கும் அதுதான் அடிப்படை. 2017இல் அதை 33 சதவீதம் குறைத்தார்கள், 2023 ஏப்ரலில் பழைய நிலைக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டு முறையும் அதற்காக யாருடைய வீட்டு வரியும் இறங்கவில்லை, ஏறவில்லை.

2022இல் ஒரேயடியாக ஏன் அவ்வளவு ஏற்றினார்கள்?

எல்லா வீடுகளின் வரியையும் மறுநிர்ணயம் செய்வதைப் பொதுச் சீராய்வு என்பார்கள். அதற்கு முந்தைய பொதுச் சீராய்வு சென்னையில் 1998இல் நடந்தது. மதுரை போன்ற மற்ற நகரங்களில் 2008இல். 2018இல் ஒரு சீராய்வை அறிவித்தார்கள், கடும் எதிர்ப்பு வந்தது, 2019 நவம்பரில் நிறுத்தி வைத்தார்கள். பிறகு, மத்திய அரசின் நிதியை மாநிலங்களுக்குப் பகிரப் பரிந்துரைக்கும் 15ஆவது நிதிக்குழு, சொத்து வரியைச் சீரமைக்கும் மாநிலங்களின் நகரங்களுக்குத்தான் மானியம் என்று நிபந்தனை போட்டது. 2022 ஏப்ரல் முதல் உயர்வு வந்தது. சென்னை தவிர்த்த மாநகராட்சிகளில் 600 சதுர அடி வரையுள்ள வீட்டுக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம். வணிகக் கட்டடங்களுக்கு 100 சதவீதம்.

பொறுமையாக ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 2008இல் அரையாண்டுக்கு 1,000 ரூபாய் கட்டிய 900 சதுர அடி வீட்டுக்கு 2022இல் 1,500 ரூபாய் ஆனது. நடுவில் ஆண்டுதோறும் 6 சதவீதம் ஏற்றியிருந்தால் அதே வீட்டுக்கு 2,260 ரூபாய் ஆகியிருக்கும். அதாவது 2022இல் ஏற்றிய பிறகு வந்த தொகை, படிப்படியாக ஏறியிருக்கக்கூடிய தொகையைவிடக் குறைவு. ஆனாலும் வலித்தது, காரணம் அது ஒரே நாளில் விழுந்தது. 14 ஆண்டுகள் ஏற்றாமல் இருந்ததும் ஒருவகை உச்சவரம்புதான்; சட்டப் புத்தகத்தில் எழுதாத வரம்பு. இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

சட்டம் போட்டே வரம்பு வைத்த ஊர் எங்கே இருக்கிறது?

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம்தான் பெயர்போனது. 1970களில் அங்கே வீட்டு விலை தாறுமாறாக ஏறியது. வரி சந்தை விலையோடு ஒட்டியிருந்ததால் அதுவும் ஏறியது. ஓய்வு பெற்றவர்கள் வரி கட்ட முடியாமல் வீட்டை விற்க வேண்டிவரும் என்று பயந்தார்கள். 1978 ஜூனில் மக்கள் வாக்கெடுப்பில் ‘புரொப்போசிஷன் 13’ நிறைவேறியது. வரி விகிதம் 1 சதவீதம் என்று நிலைநிறுத்தப்பட்டது. வரிக்கான மதிப்பு 1975ஆம் ஆண்டு நிலைக்கு இறக்கப்பட்டது. அதன்பின் அந்த மதிப்பு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது. வீடு கைமாறினால் புது விலையில் புதிதாக மதிப்பிடலாம்.

மற்ற மாநிலங்களும் தொடர்ந்தன. புளோரிடாவில் சொந்தக் குடியிருப்புக்கு 3 சதவீதம் அல்லது விலைவாசி உயர்வு, எது குறைவோ அது. மிச்சிகனில் 1994 முதல் 5 சதவீதம் அல்லது விலைவாசி உயர்வு, எது குறைவோ அது.

நான் சொந்த வீட்டில்தான் இருக்கிறேன். அப்படி வரம்பு இங்கே வந்தால் எனக்கு லாபம்தானே?

நீங்கள் அதே வீட்டிலேயே கடைசிவரை இருந்தால், உங்கள் ரசீதை மட்டும் பார்த்தால், லாபம்தான். மறுக்க மாட்டேன். எவ்வளவு கட்ட வேண்டும் என்பது முன்கூட்டியே தெரிவது பெரிய ஆறுதல்.

ஆனால் அந்த லாபம் எங்கிருந்து வருகிறது? திருநகரில் ஒரே அளவில், ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்ளும் இரண்டு வீடுகள் இருப்பதாகக் கற்பனை செய்துகொள்வோம். இன்று இரண்டும் 50 லட்சம். கலிபோர்னியா முறையை இங்கே கொண்டுவந்தாயிற்று. வீட்டு விலை ஆண்டுக்கு 8 சதவீதம் ஏறுகிறது. பத்து ஆண்டில் சந்தை விலை ஏறக்குறைய 1 கோடியே 8 லட்சம். நீங்கள் விற்கவில்லை, உங்கள் வரி மதிப்பு 2 சதவீத வரம்போடு 61 லட்சத்தில் நிற்கிறது. பக்கத்து வீட்டை அந்த ஆண்டு ஓர் இளம் தம்பதி வங்கிக் கடன் போட்டு வாங்குகிறார்கள். அவர்களுக்கு 1 கோடியே 8 லட்சத்துக்கு வரி. அதே தெருவிளக்கு, அதே குப்பை வண்டி, அதே குழாய்த் தண்ணீர். வரி மட்டும் ஏறக்குறைய முக்கால் பங்கு கூடுதல்.

இது வெறும் கற்பனைக் கணக்கு அல்ல. லாஸ் ஏஞ்சலிஸில் 1988இல் வீடு வாங்கிய ஒருவர், 1975 முதல் அதே மாதிரி வீட்டில் இருக்கும் அண்டை வீட்டார் சிலரைவிட ஐந்து மடங்கு வரி கட்ட வேண்டியிருந்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போனார். 1992இல் தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தது. அந்த வேறுபாடு சட்டப்படி செல்லும் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

புதிதாக வாங்குகிறவர் கூடுதலாகக் கட்டினால் எனக்கென்ன நஷ்டம்?

அந்தப் புதிய ஆள் உங்கள் மகளாக இருக்கலாம். அவள் நாளைக்கு வீடு வாங்கும்போது உங்கள் சலுகை அவளுக்குக் கிடையாது.

இரண்டாவது, நீங்களே ஒருநாள் இடம் மாற வேண்டிவரும். மாடி ஏற முடியவில்லை, மகன் வீட்டுக்குப் பக்கத்தில் தரைத்தளத்தில் சிறிய வீடு போதும் என்று நினைப்பீர்கள். பெரிய வீட்டுக்குக் கட்டுவதைவிடச் சிறிய வீட்டுக்கு வரி கூடுதலாக வரும் என்றால் யார் மாறுவார்கள்? கலிபோர்னியாவில் இதுதான் நடந்தது. மக்கள் பொருந்தாத வீட்டிலேயே தங்கிவிட்டார்கள், இளம் குடும்பங்களுக்கு வீடு கிடைப்பது கடினமானது. பிறகு 55 வயதைக் கடந்தவர்கள் பழைய வரி மதிப்பைப் புது வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம், பெற்றோர் வீடு பிள்ளைக்குப் போனால் பழைய மதிப்பே தொடரலாம் என்று 1986இல் சட்டத்தில் ஒட்டுப்போட்டார்கள். பிள்ளைகள் அந்த வீட்டில் குடியிருக்காமல் வாடகைக்கு விட்டுச் சலுகையை அனுபவித்ததால் 2020இல் அதையும் இறுக்க வேண்டிவந்தது.

நம் ஊரில் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து ஏற்கெனவே 9 சதவீதம். வீடு மாற நினைக்கும் முதியவரைத் தடுக்க அதுவே போதும். இன்னொரு பூட்டு வேண்டாம்.

வீட்டுக்காரர் வரி குறைந்தால் வாடகையும் குறையும் அல்லவா?

கலிபோர்னியாவிலும் வாடகைதாரர்களுக்கு இந்த நம்பிக்கை ஊட்டப்பட்டது. வரி பாதிக்கும் கீழே இறங்கியது, வாடகை இறங்கவில்லை. அந்தக் கோபத்தில் லாஸ் ஏஞ்சலிஸ் 1978லும் சான் பிரான்சிஸ்கோ 1979லும் வாடகைக் கட்டுப்பாடு கொண்டுவந்தன. வாடகையைத் தீர்மானிப்பது அந்தத் தெருவில் வீடு தேடுகிறவர்களின் எண்ணிக்கை. வீட்டுக்காரரின் வரி ரசீது அல்ல.

மாநகராட்சிக்கு வருமானம் குறைந்தால் வீண் செலவைக் குறைத்துக்கொள்ளட்டுமே?

வீண் செலவு குறைய வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் வருமானம் சுருங்கும்போது முதலில் வெட்டப்படுவது வீண் செலவு அல்ல. கால்வாய் தூர்வாருவது, விளக்கு மாற்றுவது, தூய்மைப் பணியாளர்களை நிரந்தரமாக நியமிப்பது போன்றவைதான் தள்ளிப்போகும்.

ஊர்த் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி பிரிப்பதை நினைத்துப் பாருங்கள். செலவு அப்படியே இருக்க, பத்துக் குடும்பம் பழைய தொகைதான் தருவோம் என்றால் மீதிக் குடும்பங்கள் தலையில்தான் அது ஏறும். கலிபோர்னியாவில் அது மூன்று வழியில் ஏறியது. நகராட்சிகள் புதுக் கட்டடங்கள்மீது கட்டணத்துக்கு மேல் கட்டணம் போட்டன. விற்பனை வரி வருகிறது என்பதற்காக வீடுகளைவிடக் கடைகளுக்கு இடம் ஒதுக்க ஆர்வம் காட்டின. பள்ளிக்கூடச் செலவுக்கு மாநிலத் தலைநகரின் கையை எதிர்பார்க்கும் நிலை வந்தது. நம் ஊரில் வரம்பு வைத்தால் குப்பைக் கட்டணம், குடிநீர்க் கட்டணம், இணைப்புக்கான டெபாசிட் என்று வேறு பெயரில் வரும். அவை வீட்டின் அளவைப் பெரிதாகப் பார்ப்பதில்லை. ஓட்டு வீட்டுக்காரருக்கும் மூன்று மாடிக்காரருக்கும் ஏறக்குறைய ஒரே சுமைதான்.

நம் ஊரில் வீட்டை விற்றாலும் பெயர் மாற்றம் மட்டும்தானே, வரி மாறுவதில்லையே. அப்படியென்றால் கலிபோர்னியா கதை நமக்கு எதற்கு?

நல்ல கேள்வி. இங்கே விற்பனையால் வரி மறுபடி நிர்ணயமாவதில்லை என்பது நமக்கு நல்லதுதான். அதனால் மேலே சொன்ன பூட்டு அதே வடிவில் வராது. ஆனால் அதன் சாரம் வேறு வழியில் ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது.

2022 உயர்வு, ஏற்கெனவே கட்டிக்கொண்டிருந்த தொகையின்மீது சதவீதமாக ஏற்றப்பட்டது. ஒரே தெருவில் ஒருவருக்குப் பழைய அளவீட்டில் 400 ரூபாயும் இன்னொருவருக்குச் சரியான அளவீட்டில் 800 ரூபாயும் இருந்தால், 50 சதவீதத்துக்குப் பின் அது 600ம் 1,200ம் ஆகும். 400 ரூபாயாக இருந்த இடைவெளி 600 ஆகிவிட்டது. பின்னால் மாடி எடுத்துக் கணக்கில் சேர்க்காத வீடு, கீழ்த்தளத்தைக் கடையாக்கியும் குடியிருப்பு என்றே பதிவில் இருக்கும் வீடு, எல்லாம் இதில் அடங்கும். உண்மையான மதிப்பிலிருந்து வரியைத் துண்டித்துவிட்டு, பழைய எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு ஏற்றுவதால் வரும் கோளாறு இது. உச்சவரம்பும் இதே கோளாற்றைத்தான் சட்டமாக்குகிறது.

மும்பையிலும் இதைப் பார்க்கலாம். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நிர்ணயித்த வாடகைக்கு மேல் வைத்து வரி மதிப்புப் போடக் கூடாது என்பது நம் உச்ச நீதிமன்றத்தின் நிலைப்பாடு. அதனால் விலை உயர்ந்த தென் மும்பையின் பழைய கட்டடங்களுக்குச் சொற்ப வரி, தொலைவிலுள்ள புறநகரின் புது அடுக்ககத்துக்குக் கூடுதல் வரி என்ற நிலை பல ஆண்டுகள் நீடித்தது. 2010இல், வாடகையை விட்டுச் சொத்தின் விலையை வைத்து வரி போடும் மூலதன மதிப்பு முறைக்கு மாறித்தான் அதைச் சரிசெய்யத் தொடங்கினார்கள்.

வரம்பினால் ஏழை வீட்டுக்காரருக்குத்தானே பெரிய உதவி?

தொகையாகப் பாருங்கள். 500 சதுர அடி ஓட்டு வீட்டுக்கு வரம்பு மிச்சப்படுத்துவது ஆண்டுக்குச் சில நூறு ரூபாய். பைபாஸ் சாலையில் இருக்கும் கல்யாண மண்டபத்துக்கு அதே வரம்பு மிச்சப்படுத்துவது லட்சங்களில். கலிபோர்னியாவின் 2 சதவீத வரம்பு ஆலைக்கும் அலுவலக வளாகத்துக்கும்கூடப் பொருந்தும். பெரிய வணிகச் சொத்துகளை மட்டும் அதிலிருந்து விலக்க 2020இல் ஒரு முயற்சி நடந்தது, வாக்கெடுப்பில் தோற்றது. ஒருமுறை கொடுத்த வரம்பைத் திரும்பப் பெறுவது அவ்வளவு கடினம்.

அப்படியென்றால் ஓய்வூதியத்தில் தனியாக இருக்கும் அம்மாவுக்கு என்ன வழி சொல்கிறீர்கள்?

என்னை உண்மையாகவே உறுத்தும் கேள்வி இதுதான். மாசி வீதிகளுக்குள் இப்படிப்பட்ட வீடுகள் நிறைய உண்டு. குறுகலான முகப்பு, உள்ளே நீளமாகப் போகும் கட்டுகள், கணவர் காலத்தில் கூட்டுக்குடும்பம் இருந்த 1,900 சதுர அடி. இன்று ஒற்றை ஆள். பின்கட்டு ஒழுகுகிறது, பூட்டியே கிடக்கிறது. 2022 கணக்கில் அந்த வீடு 1,800க்கு மேல்; 100 சதவீத உயர்வு. வருமானம் குடும்ப ஓய்வூதியம் மட்டும். அந்த அம்மா ரசீதை நான்காக மடித்து மருந்துச் சீட்டுகளோடு ஒரே மஞ்சள் பையில் வைத்திருப்பார். இரண்டையும் ஒரே பணத்திலிருந்துதான் கட்ட வேண்டும். சதுர அடியை மட்டும் பார்க்கும் கணக்குக்கு அவரும் புது மாளிகைக்காரரும் ஒன்றுதான்.

இவருக்கு உதவ ஊர் முழுவதற்கும் வரம்பு போட வேண்டியதில்லை. வேறு இடங்களில் நடைமுறையில் இருக்கும் இரண்டு வழிகள் நேராக அவரைப் போய்ச் சேரும். ஒன்று, வருமானத்தோடு இணைத்த சலுகை: வீட்டு வரி குடும்ப வருமானத்தில் ஓர் அளவைத் தாண்டினால் தாண்டிய தொகையில் ஒரு பகுதியை அரசு திருப்பித் தரும். அமெரிக்காவின் மினசோட்டாவில் இப்படி உண்டு. இன்னொன்று, தள்ளிவைப்பு: கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 55 வயதைக் கடந்தவர்கள் வரியை ஆண்டுக்கணக்கில் தள்ளிவைக்கலாம், வீடு விற்கும்போதோ கைமாறும்போதோ வட்டியோடு வசூலித்துக்கொள்வார்கள். மும்பை 2022 முதல் 500 சதுர அடி வரையுள்ள குடியிருப்புகளுக்குச் சொத்து வரியையே நீக்கியது. அது சிறிய வீட்டுக்கு உதவும், பெரிய பழைய வீட்டில் தனித்திருக்கும் இந்த அம்மாவுக்கு உதவாது. சங்கங்கள் மனு எழுதும்போது “வரம்பு வை” என்று எழுதாமல் “தள்ளிவைக்க வழி செய்” என்று எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஆண்டுதோறும் 6 சதவீதம் என்கிறார்களே, அது வரம்பா சுமையா?

அது வரம்பு அல்ல. நிதிக்குழு நிபந்தனையை ஒட்டி, மாநிலப் பொருளாதார வளர்ச்சியோடு வரியும் ஏற வேண்டும் என்பதற்காக வந்த ஏற்பாடு. சென்னை மாநகராட்சி மன்றம் 2024இல் 6 சதவீத உயர்வுக்குத் தீர்மானம் நிறைவேற்றியது. 6 சதவீதம் தொடர்ந்து ஏறினால் 12 ஆண்டில் இரட்டிப்பாகும். சம்பளம் அந்த வேகத்தில் ஏறாதவர்களுக்கு அது சுமைதான்.

ஆனாலும் 14 ஆண்டுத் தூக்கத்துக்குப் பின் விழும் அடியைவிட இதை நான் ஏற்பேன். குடும்பச் செலவைத் திட்டமிட முடியும். ஒரு நிபந்தனை வேண்டும்: அளவீடு சரியாக இருக்க வேண்டும். தவறான அடித்தளத்தின்மீது ஆண்டுக்கு ஆண்டு 6 சதவீதம் ஏறினால், தவறும் அதே வேகத்தில் வளரும்.

கிராமமாக இருந்தபோது கொஞ்சம்தான் கட்டினோம். மாநகராட்சியில் சேர்த்ததால் ஏறிவிட்டது. எங்களுக்காவது வரம்பு வேண்டாமா?

2011இல் ஆனையூர், அவனியாபுரம், திருப்பரங்குன்றம் நகராட்சிகளும் திருநகர், ஹார்விபட்டி, விளாங்குடி பேரூராட்சிகளும் பல ஊராட்சிகளும் இணைந்து மதுரையின் வார்டுகள் 72இலிருந்து 100 ஆயின. வரி நகரத்துக் கணக்குக்கு வந்தது; பாதாளச் சாக்கடையும் குடிநீரும் பல தெருக்களுக்கு வெகு பின்னால்தான் வந்தன. இந்தக் குறைக்கு நான் முழுமனதாக ஆதரவு. வசதி வந்து சேரும்வரை வரியைப் படிப்படியாக ஏற்றும் கால வரையறை கேட்பது நியாயம். நிரந்தர வரம்பு கேட்டால், வசதி வந்த பின்பும் நகரின் மற்ற பகுதிகள் உங்கள் பங்கைச் சுமக்க வேண்டியிருக்கும்.

பெரிய கட்டடக்காரர்கள் குறைவாகக் கட்டுகிறார்கள். நாங்கள் மட்டும் ஏன் ஏற்றிக் கட்ட வேண்டும்?

இந்தக் கோபத்துக்கு மதுரையில் காரணம் இருக்கிறது. பல கட்டடங்களுக்கு வரியைக் குறைத்துப் பதிந்ததாக எழுந்த வழக்கில் 2025இல் பலர் கைதானார்கள், மண்டலத் தலைவர்கள் பதவி விலகினார்கள். குற்றம் யார்மீது என்பதை நீதிமன்றம் சொல்லும். ஆனால் குறைத்துப் பதியும் ஒவ்வொரு கட்டடமும் ஒருவருக்கு மட்டும் கொடுத்த ரகசிய உச்சவரம்பு. மேலே தலைக்கட்டு வரியைப் பற்றிச் சொன்னது இங்கேயும் அப்படியே பொருந்தும். வார்டுவாரியாக, கட்டடவாரியாக, சதுர அடியோடு வரிப் பட்டியலை எல்லாரும் பார்க்கும்படி வெளியிடச் சொல்லுங்கள். பக்கத்துக் கட்டடத்தின் அளவு அந்தத் தெருக்காரருக்குத் தெரியாததா?

என் வீட்டு அளவைக் கூடுதலாகப் பதிந்திருக்கிறார்கள். மனு போட்டால் மறுபடி அளந்து இன்னும் ஏற்றிவிடுவார்களோ?

கணக்கில் சேராத மாடி இருந்தால் ஏறலாம். இல்லையென்றால் பயப்பட வேண்டாம். பில் கலெக்டர் அளக்கும்போது கூடவே நின்று எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். வரைபட அனுமதி நகல், பத்திரம், கடைசி ரசீது ஆகியவற்றை இணைத்து, நோட்டீஸில் குறித்துள்ள நாளுக்குள் ஆணையருக்கு மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். மனு நிலுவையில் இருக்கிறது என்பதற்காகக் கட்டாமல் இருக்காதீர்கள். தாமதத்துக்கு மாதம் 1 சதவீத வட்டி உண்டு. அரையாண்டின் முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை, ஊக்கத்தொகையாகக் கழியும்.

வீட்டின் மதிப்பு ஏறியது காகிதத்தில்தான், விற்றால்தானே காசு. விற்காதவனிடம் ஏறிய மதிப்புக்கு ஏன் வரி?

வரம்புக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதங்களில் வலுவானது இதுதான். கையில் காசில்லாதவரிடம் காகித லாபத்துக்கு வரி கேட்பது கொடுமைதான்.

ஆனால் வீட்டு வரி, லாபத்துக்கான வரி அல்ல. இந்த ஆண்டு தெருவைப் பெருக்குவதற்கும், விளக்கு எரிவதற்கும், மழைநீர் வடிவதற்கும் ஆகும் செலவைப் பங்கிடும் கணக்கு அது. சதுர அடியும் பகுதி மதிப்பும் யாருக்கு எவ்வளவு பங்கு என்று சொல்லும் அளவுகோல்கள். எல்லார் மதிப்பும் ஒன்றுபோல இரட்டிப்பானால் விகிதத்தைப் பாதியாக்கி அதே தொகையை வசூலிக்கலாம். அப்படிக் கேட்பதற்கு நமக்கு முழு உரிமை உண்டு. மதிப்பைச் சரியாக வைத்துக்கொண்டு விகிதத்தைக் குறைத்தால் எல்லாருக்கும் ஒன்றுபோல இறங்கும். மதிப்பை முடக்கினால் இருக்கிறவருக்கு இறங்கி வருகிறவருக்கு ஏறும். காசு கையில் இல்லாத முதியவருக்கு மேலே சொன்ன தள்ளிவைப்பு இருக்கிறது. வீடு காசாகும் நாளில் அந்தக் காசிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.